மூன்றுக்கு ஒன்று

எதிரணியின் ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரனின் தாடியைப் பார்த்ததும் மேனேஜருக்கு மனசு குளிர்ந்தது. பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டியில் இப்படி ஒரு தாடி! அதைச் சீவவே தனியாக ஒரு சீப்பு வேண்டும்.

சட்டைப் பையில் இருந்த புகார்க் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சங்கத் தலைவர் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஜெயிச்சு அரையிறுதிக்குப் போகலேன்னா, நீங்க மேனேஜரா ஊர் திரும்ப வேண்டாம்."

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. உடை மாற்றும் அறைகளுக்கு நடுவில் எதிரணிக் கோச்சைக் கையைப் பிடித்து ஓரங்கட்டினார்.

"என்ன சார், உங்க ஒன்பதாம் நம்பர் தன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறாராமே?"

கோச் சிரித்து மழுப்பினார். "சின்னப் பையன் சார். வளர்த்தி கொஞ்சம் ஜாஸ்தி."

"நாலாம் நம்பருக்கு முன்மண்டை காலி. பதினொண்ணு தண்ணி கேட்டா லாரி ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கு. நான் புகார் கொடுத்தா வயசு பாக்க மணிக்கட்டை ஸ்கேன் எடுப்பாங்க, தெரியுமில்ல? சர்ட்டிபிகேட் மாதிரி எலும்பைத் திருத்த முடியாது."

"தாராளமா கொடுங்க. ஆனா ஸ்கேன்னா ரெண்டு டீமுக்கும்தான்." கோச் குரலைத் தாழ்த்தினார். "உங்க அஞ்சாம் நம்பரைக் கூட ஆடற பசங்களே 'மாமா'ன்னு கூப்பிடறாங்க. பந்து கேக்கும்போதுகூட 'கொடுங்க மாமா'ங்கறாங்க. அவ்வளவு மரியாதை!"

மேனேஜர் கடிதத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். மாமாவின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் மாமாவுக்குப் பிறப்புச் சான்றிதழே தயாரானது.

இனி பேரம்தான்.

"சரி, என் கடிதம் வெளியே வராது. அந்த மூணு பேரையும் உக்கார வையுங்க."

"மூணா? அநியாயம் சார். தாடியை மட்டும் எடுத்துக்குங்க."

"தாடி, வழுக்கை, ஹாரன். ஒண்ணு குறைஞ்சாலும் கடிதம் அதிகாரி மேஜைக்குப் போகும்."

"அப்ப மாமா?"

"ஐயோ, மாமா எங்க பின்வரிசைக்கே தூணு சார்!"

"தூணைப் பேத்து எடுங்க. இல்லேன்னா நாங்களும் ஒரு கடிதம் எழுதறோம். எங்ககிட்டயும் பேனா இருக்கு."

கோச் கிளம்புவதுபோல் நாலடி வைத்தார். மேனேஜர் அவரைக் கதவு வரைக்கும் போகவிட்டுப் பிறகுதான் கூப்பிட்டார். மூன்றுக்கு ஒன்று என்று படிந்தது.

'வயது குறித்துப் புகார் இல்லை' என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் போட்டி அதிகாரியிடம் கொடுத்தார்கள். அது போய்விட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் யார் வயதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. திறப்பானேன்? ஒரு மாமாவைக் கொடுத்து மூன்று மாமாக்களை முடக்கியாயிற்றே!

பெஞ்சில் உட்காரச் சொன்னதும் தாடிக்காரன் தேம்பித் தேம்பி அழுதான். கூட ஆடுகிறவர்கள் தலையைத் தடவி, கன்னத்தைக் கிள்ளிச் சமாதானம் செய்தார்கள். ஒருவன் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரித்துக் கொடுத்தான்.

'என்னமா நடிக்கிறான்!' என்று மேனேஜர் உள்ளூர மெச்சிக்கொண்டார்.

நாலாவது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. இடைவேளைக்குள் இன்னும் மூன்று. எதிரணிக்காரர்கள் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போகிறவர்களைப் போல, மேனேஜரின் பையன்களைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பந்தோடு போய்க்கொண்டே இருந்தார்கள். பெஞ்சில் இருந்த மாமா பத்து விரல் நகத்தையும் கடித்து முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனின் விரலைப் பார்த்தார்.

ஏழுக்குப் பூஜ்யம். விசில் ஊதிய அடுத்த நொடி மேனேஜரின் பையில் போன் அதிர ஆரம்பித்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

கை குலுக்க வந்த கோச்சைப் பார்த்து ஈனக்குரலில் கேட்டார். "மூணு பேரைப் பிடுங்கியும் ஏழு கோலா? அந்த மூணு பேரும் இறங்கியிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?"

கோச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"தோத்திருப்போம் சார். எங்க டீம்ல நிஜமாவே பதினாறு வயசுப் பசங்க அந்த மூணு பேருதான்."