பெவர்லிக்குக் கைதட்டல்

கூடமே கைதட்டியது. எடை மெஷின் மேல் நின்ற பெவர்லி மட்டும் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்றுதான் அவளுக்கு முதல் நாள். டாக்டர் லாங்டன் அனுப்பிய சீட்டில் இருந்த எடையைவிட இரண்டு ஸ்டோன், அதாவது பதின்மூன்று கிலோ, குறைவாக இருந்தாள். எடைக் குறைப்பு நிறுவனம் ஒன்றுக்காக இந்த வாராந்தரக் குழுவை நடத்தும் மாக்சினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சேரும் முன்பே இவ்வளவு இளைத்து வந்தவளை இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில் அந்தச் சர்ச் கூடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் அனுப்பி வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் இலவசம். அவர்களில் பாதிப் பேர் சீக்கிரமே சிப்ஸ் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். பெவர்லி ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை. மாக்சின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வருவாள், ஏறுவாள், இறங்குவாள். வாராவாரம் எடை குறைந்துகொண்டே போனது.

ரகசியத்தை எங்களுக்கும்தான் சொல்லேன் என்று மற்றப் பெண்கள் அவளைச் சீண்டினார்கள்.

“சாப்பாடு இறங்கல, அவ்வளவுதான்” என்றாள் பெவர்லி.

எங்களுக்கு அந்த வியாதி வரமாட்டேன் என்கிறதே என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாக்சினும் சிரித்தாள். ஆனால் காரில் வீடு திரும்பும்போது பெவர்லியின் முகம் அவளை விடாமல் கூடவே வந்தது. பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாள்? தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்கிறவளைப் போல.

கடைசி வாரம், சான்றிதழ் கொடுக்க டாக்டர் லாங்டனையே மாக்சின் வரவழைத்தாள். அவர் உள்ளே வந்ததும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முழங்கால் வலி என்றாலும் சரி, தலைசுற்றல் என்றாலும் சரி, அவர் முதலில் பார்ப்பது இடுப்பின் சுற்றளவைத்தான் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பவர்கள் அவர்கள்.

“இவங்கதான் டாக்டர் எங்க ராணி. உங்க பேஷன்ட், பெவர்லி ஹோல்ராய்ட்” என்றாள் மாக்சின். அவள் குரலில் பெருமை வழிந்தது.

டாக்டர் பெவர்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “முகம் நல்லா ஞாபகம் இருக்கும்மா. என்ன கஷ்டம்னு என்கிட்ட வந்தீங்க?”

“வயித்துவலி. திரும்பத் திரும்ப வந்தது. எடையைக் குறைச்சா தானா போயிடும்னு சொல்லி இங்க அனுப்பினீங்க.”

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள் என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப வலி போயிருக்குமே?”

அவள் அவர் கையை விடவில்லை. பிடி இறுகுவதும் டாக்டரின் சிரிப்பு மெல்ல நின்றுபோவதும் பக்கத்தில் நின்ற மாக்சினுக்குத் தெரிந்தது.

“வலியும் போயிடுச்சு, பெவர்லியும் போயிட்டா, டாக்டர். நான் அவ தங்கச்சி.”