போலி போர்டு

வீடியோ கேம் கடையை மூடிய பிறகும் வீட்டில் கிடந்த கேம் மெஷினின் போலி சர்க்யூட் போர்டைக் காயலான் கடையில் போடுவதற்காக அருள்தாஸ் வாசலில் எடுத்து வைத்தபோது, லாரன்ஸ் வந்து நின்றான். அந்தப் போர்டை நகலெடுத்துச் செய்து கொடுத்தவன் அவன். பிறகு போலீசில் போட்டுக் கொடுத்து அருள்தாஸைக் கம்பி எண்ண வைத்தவனும் அவன்தான்.

“நான் செஞ்சதுல இது ஒண்ணுதாண்ணே மிச்சம். எம் பொண்ணுக்குக் காட்டணும். தூக்கித்தானே போடப் போறீங்க?”

“யார் சொன்னா? எனக்கு வேணும்.”

அருள்தாஸ் போர்டோடு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

“அந்தக் கருமத்த வச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் மனைவி.

அவர் பீரோவில் அவளுடைய பட்டுப்புடவைகளை ஒதுக்கிவிட்டு, போர்டை வைத்துப் பூட்டினார். பிறகு சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். லாரன்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.