ஊசி இறங்கிய மாலை

சிப்போராவின் தையல் ஊசிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு நாளும் தொலைந்ததில்லை என்று அதற்குப் பெருமை வேறு.

ஒரு பனிக்கால மாலை, கணவன் யோனாவின் கோட்டில் பொத்தானைப் பாதி தைத்திருந்த சிப்போரா, ஊசியை நாற்காலி மெத்தையில் குத்திவிட்டு எழுந்தாள். ஜன்னலில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். பிறகு மடியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவு வெளிச்சத்தை வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்காளே!" என்று ஊசி பொருமியது.

மற்ற மெழுகுவர்த்திகளை ஏற்ற உதவிவிட்டுச் சற்று உயரத்தில் நின்ற மெழுகுவர்த்தி சொன்னது: "இதுங்க எரியுற வரைக்கும் பெண்கள் வேலை செய்யறதில்லை. அது வழக்கம். எதிரிகிட்டேருந்து மீட்ட கோயில்ல, ஒரு நாளைக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சுதாம். அந்த ஞாபகம் இது. இந்த வெளிச்சத்துல தைக்கக் கூடாது, பார்க்கத்தான் செய்யணும்."

"பார்த்தா பொத்தான் ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. நீயும் கொஞ்சம் பாரேன். நானே ஏத்துற வேலையை முடிச்சிட்டு அதைத்தான் செய்யறேன்."

ஊசி வேண்டாவெறுப்பாகப் பார்த்தது. தெருவில் போன யாரோ பனியில் நின்று, ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சமையலறையில் யோனா உருளைக்கிழங்கு அடை பொரிக்கும் மணம் வந்தது. ஊசியின் மேனியிலும் ஒரு குட்டிச் சுடர் ஆடியது. பொத்தான் ஞாபகமே அதற்கு வரவில்லை.

மெழுகுவர்த்திகள் எரிந்து முடிந்ததும் சிப்போரா கோட்டை எடுத்தாள், மெத்தையைத் தடவினாள்.

"ஏங்க, இங்கே குத்தி வெச்ச ஊசியைப் பார்த்தீங்களா?"

ஊசி மெத்தைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டது.