பழி சொல்பவர்கள் போனை வைக்கவும்

"முதல்ல அவளைத் தூக்கி உள்ள போடணும், மனோய்! பெத்த பிள்ளை காணாமப் போறதுகூடத் தெரியாம, போன் முன்னாடி நின்னு துணி வித்துக்கிட்டு இருந்திருக்கா!"

வானொலி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த லோரிபெல், போனில் கத்திய அந்தப் பெண்ணுக்கு 'சரியாச் சொன்னே' என்று தலையாட்டினாள்.

முந்தின நாள் மத்தியானம் மாசின் சந்தையில் காணாமல் போனவன் ஜோமார். ஐந்து வயசு. அவன் அம்மா செரிலின், பேஸ்புக் நேரலையில் பழைய துணி விற்பவள். காலையில் நிலையத்துக்கு வந்து பிள்ளையின் அடையாளம் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லோரிபெல்லுக்கு அதுதான் உறுத்தியது. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். சந்தைக்குள் ஒரு நாளாவது அவர்கள் கையை விட்டிருப்பாளா?

மைக் முன்னால் தாசியோ. ஊருக்கே அவர் 'மனோய்', அதாவது அண்ணன். மேயரையே வெளுத்து வாங்கும் வாய். இன்றைக்கு அந்தப் பெண்ணைக் கிழிக்கப்போகிறார் என்று ஊரே ரேடியோவை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அவர் கேட்டது ஒன்றுதான். "பையனைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? எனக்கு ஆறு பிள்ளைங்க மனோய். ஒண்ணாவது தொலைஞ்சதா?"

"சந்தோஷம். வைங்க."

அடுத்தது ஒரு ஆள். "எங்க மாமா போலீஸ்ல இருந்தவர். பிள்ளையைக் காணோம், அம்மா அழலேன்னா, அவளைத்தான் விசாரிக்கணும்பார்."

"நீங்க பையனைப் பார்த்தீங்களா?"

"இல்ல, ஆனா..."

துண்டித்துவிட்டார்.

"பிள்ளை பிடிக்கிறவன் எவனாவது சிக்கட்டும், சந்தை நடுவுல கட்டி வச்சு..."

அதையும் துண்டித்தார்.

உள் போன் அலறியது. முதலாளி. "என்னம்மா ஆச்சு இவனுக்கு? பேச வர்ற ஜனங்களை வாயை அடைக்கிறான்! விளம்பரம் குடுக்கிறவன் என்னைத் திட்டுறான்!"

பாட்டு ஓடிய நேரத்தில் லோரிபெல் உள்ளே போனாள். "மனோய், அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா? லைன்ல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"இல்லயே தங்கச்சி. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு அவளுக்கு இந்த வக்காலத்து?"

பாட்டு முடிந்துவிட்டது. தாசியோ மைக்கை இழுத்துக்கொண்டார்.

"யார் மேல தப்புன்னு சொல்றதுக்குக் கூப்பிடுறவங்க தயவுசெஞ்சு போனை வச்சுடுங்க. லைனை அடைக்காதீங்க. மஞ்சள் சட்டை, முன்பல் விழுந்த பையன். பார்த்தவங்க மட்டும் பேசுங்க. நீங்க யாரா வேணா இருங்க. உங்களை ஒரு வார்த்தை கேக்க யாரையும் விடமாட்டேன். நானே வந்து பக்கத்துல நிப்பேன்."

போனில் காத்திருந்த அழைப்புகளின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன. ஒரு அழைப்புகூட இல்லை. 'போச்சு, நிகழ்ச்சி படுத்துடுச்சு' என்று லோரிபெல் நினைத்தபோது ஒரு விளக்கு எரிந்தது.

"மனோய்... நெஜமாவே யாரும் அடிக்க மாட்டாங்களா?" நடுங்கும் ஆண் குரல்.

"நான் இருக்கேன். சொல்லுங்க."

"நான் மல்டிகேப் சரக்கு வண்டி ஓட்டுறவன். நேத்து சந்தையில வாழைத்தார் இறக்கிட்டு மலைக்குத் திரும்பிட்டேன். வீட்டுல வந்து பார்த்தா, காலிச் சாக்குக்கு நடுவுல ஒரு பொடியன் தூங்குறான்! கொண்டுவிடக் கிளம்பினேன். அதுக்குள்ள பிள்ளை பிடிக்கிறவனை வெட்டணும் குத்தணும்னு ஊரெல்லாம் பேச்சு. போகாதேன்னு என் பொண்டாட்டி காலைக் கட்டிக்கிட்டா..."

"பையன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன! சாக்லேட் கஞ்சி மூணாவது கிண்ணம் ஓடுது. எங்களுக்குத்தான் தொண்டையில எதுவும் இறங்கல."

லோரிபெல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாசியோ ஏற்கனவே மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் அந்த வண்டி சந்தைக்குள் நுழைந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில், சொன்னபடியே தாசியோ. அவர் மடியில் ஜோமார். முன்னும் பின்னும் டிரைசைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. நிலையத்து ஜன்னலிலிருந்து லோரிபெல் எட்டிப் பார்த்தாள். செரிலின் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவள் போட்ட சத்தத்தில் மீன்காரர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். ஆறு பிள்ளை பெற்ற அந்தக் குரலும் கூட்டத்தில் கேட்டது. "வழி விடுங்க! அந்த டிரைவருக்கு யாராவது குடிக்க ஏதாவது குடுங்க, பாவம்!"

காலையில் வந்த மாதிரிப் பேச்சுகளையே தான் இணைத்துக்கொண்டிருந்தால், அந்த மனுஷன் போனைத் தொட்டிருப்பானா? லோரிபெல் அதை நினைத்துப் பார்க்கும்போதே மணி அடித்தது.

"யார் மேல தப்புன்னு சொல்லக் கூப்பிடலம்மா," என்றது தளர்ந்த ஒரு பெண் குரல். "தாசியோ இருக்கானா? அவன் போனை எடுக்கல."

"கீழ சந்தையில இருக்காரும்மா. ஊரே அவரைத் தோள்ல தூக்கி வச்சிருக்கு. நீங்க யாரு?"

"அவன் அம்மா. எங்க ஊர்ல இன்னமும் எனக்கு 'பிள்ளையைத் தொலைச்சவ'ன்னுதான் பேரு. அவன் நாலு வயசுல திருவிழாவுல காணாமப் போய், அன்னைக்கே கிடைச்சுட்டான். பேருதான் போகல. நீ ஒண்ணு பண்ணும்மா, மைக்கைப் போட்டு சத்தமாச் சொல்லு. ஊரெல்லாம் கேக்கட்டும். நான் தொலைச்ச பிள்ளை, இன்னைக்கு இன்னொருத்தி பிள்ளையைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டான்னு!"