கயிறு இறுகும் இடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் எங்கள் மாலை ஓவிய வகுப்பு. வெனிஸ் நகரின் உலகக் கலைக் கண்காட்சியில் பயின்று திரும்பிய திவ்யலட்சுமி, அங்கே பார்த்த, படகுத்துறைக் கூட்டத்தைத் தீட்டிய ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டுகிறாள். வெனிஸுக்குப் போகும் அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுக்க இன்றே கடைசி நாள். போனிலேயே பார்க்கலாமே, அங்கே போய் எனக்கு என்ன புரியப்போகிறது என்று நான் தயங்கி உட்கார்ந்திருக்கிறேன். அவள் புரொஜெக்டரை அணைக்கிறாள். கீழ்க்கடையில் வாங்கிய கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை என் கையில் தருகிறாள். "இதான் படத்தோட அகலம். பிடிச்சுட்டு நட." தேங்காய் நார் மணக்கிறது. பெஞ்சுகள் கிரீச்சிட்டு விலகுகின்றன. வாசலைத் தாண்டியும் கயிறு தொய்ந்தே கிடக்கிறது. "சேச்சி, படம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுமோ?" என்கிறான் கூடப் படிக்கும் பிரதீஷ். "சிரி, சிரி. அந்தப் படத்துக்கு முன்னால வாய் பொளந்து நின்னவ நான்." பாதிப் படிக்கட்டில் கயிறு இறுகுகிறது. எதிரே தெருவிளக்கின் மஞ்சள் படிந்த வெறும் சுவர். மேலிருந்து அவள் குரல் மட்டும் வருகிறது: "அந்த மூலையில கட்டைவிரல் அளவுக்குச் செருப்பு வரைஞ்சிருக்கு. போட்டோல விழாது." "ஒத்தச் செருப்பா, ஜோடியா?" என்று கேட்கிறேன். "போயி பாத்துட்டு வந்து சொல்லு." கயிற்றை விடாமல் அந்தச் சுவரையே பார்க்கிறேன். "திவ்யா, என் பேரையும் எழுதிக்கோ" என்கிறேன்.