கருங்கோட்டுக்கு வெளியே

இந்த ரெட்வுட் மரத்தைத் தீ தொட்டது ஆகஸ்டில்தான், முதன்முறையாக. அக்டோபர் வந்தும் துளிர்க்கவில்லை. பட்டுப்போனதென்று, வெட்டுவதற்காக மரம்வெட்டி டெல்பர்ட் அதன் பட்டையில் நீலப் பெருக்கல் குறி போட்டுவிட்டார். ஆய்வுக்கென்று கடைசியாக ஒருமுறை துளையிட்டு, பென்சில் கனத்தில் ஒரு துண்டை உருவினேன்.

தீயின் கருங்கோடு பட்டையை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு வெளியே, வருடத்துக்கு ஒன்றாக, தீக்குப் பின் வளர்ந்த நாற்பத்தொரு வளையங்கள் இருந்தன.

"கண்ணாடியத் தொடச்சிட்டு எண்ணும்மா, படிச்ச பொண்ணே!" என்றார் டெல்பர்ட்.

மூன்று முறை எண்ணினேன். அவரும் நகத்தால் தொட்டுத்தொட்டு எண்ணினார். மூடுபனி கிளைகளினூடே மெல்ல இறங்கியது. வளையங்கள் ஈரமாக இருந்தன.

"இது இந்த வருஷத்துத் தீதானே?" என்று கேட்டார்.

"ஆமா."

டெல்பர்ட் ரம்பத்தை உறையில் போட்டார்.

"அப்போ நாம இத வெட்டலை" என்றார்.