ஐந்தாவது ஓட்டை

அக்கா இறந்து ஒரு வருஷமாகியும் பளு தூக்கும்போது அவள் இடுப்பில் கட்டிய தோல் பெல்ட்டைத் தங்கை விடவில்லை. அக்காவால் கடைசிவரை முடியாத நூற்றைம்பது கிலோவை அதே பெல்ட்டோடு தோளில் ஏந்தி, ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழ வேண்டும். போட்டியில் தந்த மூன்று முயற்சிகளில் இரண்டு தோற்றாயிற்று. மிச்சம் ஒன்றுதான்.

"அவ இடுப்பு கொடி, உன்னுது தூண். கடைசி, நாலாவது ஓட்டையில மாட்டியும் இப்படி இறுக்குதே! மூச்சிழுத்தா வயிறு உப்ப இடம் வேணாமா? அப்புறம் முதுகை எது தாங்கும்? என் பெல்ட்டைக் கட்டிக்கோயேன்" என்றான், கொக்கியை மாட்டிவிட்ட புருஷன்.

"வேணாங்க. இதுதான்."

மேடையேறிக் கம்பியைத் தோளில் ஏந்தினாள். அடிவயிறுவரை மூச்சை இழுத்தாள். இடம் இருந்தது! வயிறு சுற்றிலும் விரிந்து, பெல்ட்டை முட்டிக் கல்லாக நின்றது. உட்கார்ந்தாள். எழுந்தாள். செல்லும் என்று நடுவர்களின் மூன்று விளக்குகளும் வெள்ளையாக எரிந்தன. அரங்கமே அலறியது.

"சாதிச்சுட்டேடி!"

ஓடிவந்து பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்த புருஷன் அப்படியே நின்றுவிட்டான்.

பெல்ட்டில் இருந்தவை நான்கே ஓட்டைகள். கொக்கி இப்போது ஐந்தாவதில் இருந்தது. வருஷக்கணக்காக மாட்டி அவிழ்த்ததுபோல் அதன் விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

"அவிழ்க்காதீங்க" என்று சிரித்தாள் அவள். "அக்காவும் மெடல் வாங்க வரட்டும்."